பதினெட்டாண்டு மூப்பர்

மூப்பர் என்னும் சொல் ஆண்டானும் அறிவானும் முதிர்ந்தாரைக் குறிப்பது. கிறித்தவ சபைகள் பலவற்றுள் அது சபையை நடத்தும் பெரியோர்க்குப் பெயராய் வழங்கி வருகின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1830-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆம் நாள் ஜோசப் ஸ்மித் என்பவரால் நிறுவப்பெற்ற பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையாரோ, அப்பெயரைப் பள்ளிப்படிப்பை நேற்று முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சூட்டி, கரிய பட்டையொன்றில் வெள்ளெழுத்தாற் பொறித்து மார்பில் அணிவித்து, உலகிற்குப் போதகஞ் செய்யுமாறு அனுப்புகின்றனர். உலகத்தார் இச்சபையாரை மார்மன் என்பர். 2018-ஆம் ஆண்டில் அவர்தம் தலைவராயிருந்த ரசல் நெல்சன் அப்பெயரை விட்டொழிக்குமாறு வேண்டினார். எனினும் கற்போர்க்கு எளிதின் விளங்குதற்பொருட்டு ஈண்டு அப்பெயரே ஆளப்படும்.

இவ்விளைஞர் இருவர் இருவராய், வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்து, வீட்டுக்கு வீடு கதவு தட்டித் திரிதலைக் கண்டு எள்ளி நகையாடுவோர் மேனாடுகளிற் பலர். 2011-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் இவரையே பொருளாக வைத்து இசைநாடகமும் ஆடி நகைத்தனர். எள்ளுதல் எளிது, ஆயின் அறிவுடையோர்க்கு அது தகாது. என்னை? இரண்டு ஆண்டு தாய் தந்தையரைப் பிரிந்து, கல்வியையும் தொழிலையும் நிறுத்தி வைத்து, ஊதியம் ஒரு காசும் பெறாது, தம் செலவிற்குத் தாமே பணங்கட்டித் தாம் நம்பியதைப் பிறர்க்குச் சொல்லப் புறப்படும் இளைஞரை உலகம் எத்தனை கண்டது? 2020-ஆம் ஆண்டு ஜூலை முதல் அமெரிக்க இளைஞர் ஒருவர்க்கு மாதந்தோறும் 500 டாலர் என்பது கட்டணம். ஆண்மக்களுக்குரிய 24 மாதங்களுக்கும் அது 12,000 டாலராகும். அதனை அவரோ, அவர் குடும்பத்தாரோ, சுற்றத்தாரோ கொடுத்தல் வேண்டும். குடியும் புகையும் இல்லை, காதற் பேச்சில்லை, சினிமாவில்லை. ஆதலின் குறை கூறத்தக்கார் அவ்விளைஞர் அல்லர். அவரை அப்பருவத்தே மூப்பராக்கி, அவருடைய வாரத்தை இன்னவாறு அமைத்து, வாரக்கடையில் அவரிடம் கணக்குக் கேட்கும் ஏற்பாடே குறை கூறத்தக்கது என்க.

அவ்வேற்பாட்டை ஆராய்தற்கு இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயர் நாட்டைக் கொள்ளுதல் நலம். அச்சபையார் கடல் கடந்து முதன்முதற் போதகஞ் செய்த இடம் அதுவாகலின். 1837-ஆம் ஆண்டு ஜூலையில் ஹீபர் கிம்பல் முதலிய எழுவர் லிவர்ப்பூல் துறையில் இறங்கிப் பிரெஸ்டன் நகர் சேர்ந்தனர். அம்மாதம் 30-ஆம் நாள் ரிப்பிள் ஆற்றில் ஒன்பதின்மர் ஞானஸ்நானம் பெற்றனர். முதலில் முழுகுவோர் யாவர் என்று ஆற்றங்கரைக்கு ஓட்டப்பந்தயம் நிகழ்ந்ததாகவும் கூறுவர். அன்று கிம்பலுக்கு வயது 36. மட்கலம் வனையும் தொழில் கற்றவர். மனைவியும் மக்களும் உடையவர். வறுமையும் நோயும் மக்களைப் புதைத்த துயரமும் அறிந்தவர். அவர் பேசியதை ஆலைத் தொழிலாளர் செவிகொடுத்துக் கேட்டனர் என்றால் அதில் வியப்பில்லை. அவர் கொள்கை கொள்ளத்தக்கதோ தள்ளத்தக்கதோ, அஃது இங்கே வினாவன்று. பேசியவர் வாழ்ந்து பார்த்தவர் என்பதே கருதற்பாலது.

இப்போது அதே நாட்டு வீதியில் நிற்பவர் யாவர்? யூட்டா மாநிலத்தினின்றும் வந்த பதினெட்டாண்டுப் பிள்ளை. முன்னெல்லாம் ஆண்மக்கள் 19 வயது நிரம்பிய பின்னரே சென்றனர். 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் அப்போதைய தலைவர் தாமஸ் மான்சன் அதனைப் 18 ஆகக் குறைத்தார். அந்த ஓராண்டு சிறிதெனத் தோன்றும், சிறிதன்று. அவ்வோராண்டில் இளைஞர் பலர் வீட்டை விட்டுக் கல்லூரி சென்று, வேறு கருத்துடையாரோடு ஓரறையில் உறங்கி, தம் நம்பிக்கையைத் தாமே ஒருமுறையேனும் திருப்பிப் பார்த்தனர். அவ்வாயிலும் அடைபட்டது. தாயின் கையினின்று பயிற்சி நிலையத்தின் கைக்கும், சில வாரத்தில் அங்கிருந்து ஊழியப் பகுதித் தலைவர் கைக்கும் அவர் மாறுகின்றார். இடையில் தம் கையில் தாம் இருந்த நாள் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை பெரும்பாலும் அவருக்கு ஆயத்த நாள். அன்று துணி வெளுத்தலும், கடைக்குப் போதலும், முடி வெட்டிக்கொள்ளுதலும், ஊழியப் பகுதித் தலைவருக்கு வாரக் கடிதம் எழுதுதலும் ஆகிய அலுவல்கள். பெற்றோரோடு பேசுதலும் அன்றே. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு முன் ஆண்டிற்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸ் நாளிலும் அன்னையர் நாளிலும் மட்டும், வீட்டாரின் குரலைக் கேட்கலாம் என்பது விதி. மற்றை நாட்களில் எழுத்து மட்டுமே. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தாயின் குரலை ஆண்டிற்கு இருமுறை என்று அளந்து கொடுத்த விதியை எத்துணை ஆண்டு எத்துணைப் பேர் பொறுத்தனர்! வாரந்தோறும் பேசலாம் என்று அதனை நெகிழ்த்தியது நன்று. அதனைச் செய்தாரைப் பாராட்டுதல் கடன். மாலையானதும் ஆயத்த நாள் முடிந்து ஊழியம் மீளத் தொடங்கும்.

செவ்வாய் முதல் நாளின் ஒழுங்கு கடுமையாகும். காலை 6.30 மணிக்கு எழுதல், உடற்பயிற்சி, தனிப் படிப்பு, துணைவரோடு கூடிய படிப்பு, பின்னர் வெளியே செல்லுதல், இரவு 10.30 மணிக்கு உறங்கல். 2017-ஆம் ஆண்டில் இவ்வொழுங்கு ஊர்க்கேற்ப மாற்றிக்கொள்ளத்தக்கதாய் நெகிழ்த்தப்பட்டது. எனினும் வேளை தோறும் இன்ன பணி என்னும் கட்டு நீங்கிற்றில்லை. லங்காஷயரில் மழை அரிதன்று. நனைந்த மேற்சட்டையோடு அவர் கதவைத் தட்டுவார். பல கதவுகள் திறவா; திறப்பனவும் விரைவில் மூடப்படும். ஒரு கிழவி மட்டும் இரங்கி உள்ளே அழைத்து, அந்நாட்டார் வழக்கப்படி, தேநீர் வேண்டுமோ என்பாள். அச்சபையார்க்கு 1833-ஆம் ஆண்டு தொட்டு வழங்கும் உணவு விதியின்படி தேநீரும் காப்பியும் விலக்கு. ஆதலின் அவர் நாணத்தோடு தண்ணீர் கேட்பார். இங்கிலாந்தில் ஒருவர் வீட்டிற் புகுந்து தேநீரை மறுத்தலினும் உறவைத் தொடங்குதற்கு இடையூறு வேறில்லை! விரதம் காப்பவனைப் பழித்தல் கூடாது. அஃது அவருடைய உரிமை. கிழவியின் இரக்கம் என்னாயிற்று என்பதே கேட்கத்தக்கது. அவள் தன் தனிமையைச் சொல்லத் தொடங்குவாள். கேட்பதற்கு அவருக்கும் மனமுண்டு. ஆயின் அவர் பையில் பாடங்கள் உள்ளன. பாடம் நடந்ததா, அடுத்த நாள் குறித்ததா என்பனவே வாரக்கடையில் வினவப்படும். கேட்கும் செவி கணக்கில் ஏறாது. கூறும் வாய்க்கே கணக்கு.

புதன்கிழமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை, அதுவும் கதவுகளே.

இவ்வாரம் முழுதும் அவர் தனித்திருத்தல் இல்லை. குளிக்கும் இடமும் அதுபோல்வனவும் ஒழியத் துணைவரின் பார்வைக்கும் செவிக்கும் அகப்பட்டே இருத்தல் வேண்டுமென்பது விதி. அத்துணைவரை அவர் தெரிந்துகொண்டாரல்லர், மேலிடம் கொடுத்தது. ஆறு வாரத்திற்கு ஒருமுறை வரும் மாற்றக் காலத்தில் துணைவரும் மாறலாம், ஊரும் மாறலாம். இஃது அயல்நாட்டில் இளைஞர்க்குக் காவலாகுமன்றோ, பழிக்கும் இடையூறுக்கும் சான்றாகுமன்றோ எனின், ஆம், அவ்வளவிற்கு அது நன்றே. ஆயின் உடலுக்குக் காவல் என்று வைத்தது உள்ளத்திற்குச் சிறையாயின் அதற்கு விடை யாது? ஐயம் என்பது தனிமையில் பிறப்பது. ஐயம் பிறவாதார்க்குத் தெளிவும் பிறவாது. பக்கத்தில் எந்நேரமும் ஒருவர் இருப்ப, எந்நேரமும் ஒரு பணி இருப்ப, எந்நேரமும் ஓர் உற்சாக மொழி ஒலிப்ப, அவ்விளைஞர் தம் நெஞ்சோடு தாம் பேசுவது எப்பொழுது? கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு படியாக நம் நாட்டு நூலோர் வைத்த முறையில், இவர் கேட்டலிலிருந்து ஒரே தாவலிற் போதித்தலிற் குதிக்கின்றார். இடையிலுள்ள மூன்றும் எங்கே போயின?

வியாழக்கிழமை அவர் போகும் வீட்டில் படித்தவர் ஒருவர் இருக்கலாம். அவர் கதவை மூடார், நாற்காலி இட்டு அமர்த்தி வினவுவார்: "உங்கள் மார்மன் நூலைப் பொற்றகடுகளினின்றும் மொழிபெயர்த்ததாகச் சொல்லுகின்றீர்களே, மொழிபெயர்த்த பொழுது ஜோசப் ஸ்மித் தகடுகளைப் பார்த்தாரா, தொப்பியைப் பார்த்தாரா?" வினா நகைப்பிற்குரியதாகத் தோன்றும். ஆயின் அது வரலாறு. தொப்பியுள் ஒரு கல்லை இட்டு அதனுள் முகம்வைத்து அவர் வாசகம் சொல்லிவந்தார் என்று உடனிருந்தோர் கூறியதை அச்சபையாரே 2013-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். அக்கல்லின் நிழற்படத்தையும் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஜோசப் ஸ்மித்துக்கு மனைவியர் பலர் என்பதையும், அவர் தொகை முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டதென்னும் கணிப்பையும் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மார்மன் நூலின் முகவுரையில் அமெரிக்கப் பழங்குடிகளின் முதன்மையான முன்னோர் இன்னார் என்றிருந்த வாசகம், அம்முன்னோருள் இவரும் அடங்குவர் என்று 2007-ஆம் ஆண்டளவில் திருத்தப்பட்டது. இவையெல்லாம் ஒளித்தவை அல்ல, தேடுவோர்க்குக் கிடைப்பவை. ஆயின் அப்பிள்ளை வளர்ந்த வீட்டுச் சுவரிலும் பாடநூலிலும் கண்ட படங்களுள் ஜோசப் ஸ்மித் தகடுகளை முன்னே விரித்து விரலால் தொட்டு ஓதியவாறு வரையப்பட்டிருத்தல் பெருவழக்கு.

ஆகவே அவ்வீட்டில் நிகழ்வது யாது? போதிக்க வந்தவர் தம் சமயத்தின் வரலாற்றை அயலான் ஒருவன் வாயிலாக முதன்முறை கேட்டுத் திகைக்கின்றார். அல்லது முன்னரே சிறிது கேட்டிருந்தும் சிந்திக்க நேரம் பெறாதவராய் விழிக்கின்றார். அவர் கையில் உள்ள விடை ஒன்றே: "இது மெய்யென்று நான் அறிவேன்" என்னும் சாட்சி. எவ்வாறு அறிந்தாய் என்றால், வேண்டினேன், உணர்ந்தேன் என்பார். உணர்வை இகழ்தல் நோக்கமன்று. எல்லாச் சமயத்திலும் உணர்வு உண்டு; அதுவே உயிர் எனினும் அமையும். ஆனால் உணர்வு முந்திச் சொல் பிந்துதல் முறை. இவர்க்கோ சொல் முந்துகின்றது. பாய்டு பேக்கர் என்னும் அவர்தம் தலைவருள் ஒருவர் 1982-ஆம் ஆண்டில் ஊழியப் பகுதித் தலைவர்களுக்குப் பேசுமிடத்து, சாட்சி என்பது அதனைச் சொல்லுமிடத்தேதான் கிடைப்பது என்னும் கருத்தை வற்புறுத்தினார். இஃது எவ்வாறு பொருந்தும்? சொல்லச் சொல்ல உறைப்பது பழக்கம். அதனை அறிவு என்றல் பொருந்தாது. நாள்தோறும் பத்துமுறை "நான் அறிவேன்" என்று பிறர்க்கு உரைக்கும் பதினெட்டு வயதினர், இரண்டாண்டு கழிந்தபின் தாம் அறிந்தது யாது, சொல்லிப் பழகியது யாது என்று பிரித்துக் காண வல்லரோ? அதனினும் கொடிது, பிரித்துக் காண விரும்பினும் அஞ்சுவர். தம் சொல்லை நம்பி நீரில் முழுகினார் முகம் அவர் கண்முன் நிற்குமாகலின்.

இளமையை இகழாதே என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் கூறவில்லையோ என்று அச்சபையார் கடாவுவர். கூறுகின்றது. அதனை அடுத்தே வாசித்தலில் ஊன்றி நில் என்றும் கூறுகின்றது. அந்நிருபமே சபைக் கண்காணிப்பாளன் புதிதாய்ச் சேர்ந்தவனாயிருத்தல் கூடாது, செருக்குற்று வீழ்வன் என்றும் விலக்குகின்றது. அது பழைய நூல், எமக்கு ஜோசப் ஸ்மித் தந்த வெளிப்பாடுகளே முடிந்த சான்று என்பராயின், அதுவும் நன்று. 1829-ஆம் ஆண்டில் அவர் தம் தமையன் ஹைரம் ஸ்மித்தின்பொருட்டுத் தந்ததாக அவர்கள் போற்றும் வெளிப்பாடு யாது சொல்லுகின்றது? வார்த்தையை அறிவிக்க நாடுமுன் முதலில் அதனைப் பெற நாடுக, அதன்பின் உன் நா கட்டவிழும் என்பதன்றோ அதன் கருத்து? அந்நாளில் ஹைரமுக்கு வயது 29. இருபத்தொன்பது வயதினரை முதலில் கல் என்று நிறுத்திய வாக்கு, பதினெட்டு வயதினரை உடனே போ என்று அனுப்புதற்குச் சான்றாமாறு எங்ஙனம்? தம் நூலே தம் ஏற்பாட்டை மறுக்கும்பொழுது பிறர் மறுக்க வேண்டுவது யாதுளது!

இனி, கணக்கு. வாரத்தில் ஒருநாள், வியாழனோ வெள்ளியோ, துணைவர் இருவரும் அமர்ந்து வாரத் திட்டம் வகுப்பர். 2004-ஆம் ஆண்டில் அச்சபை வெளியிட்ட ஊழியர் கையேட்டில் வாரந்தோறும் குறிக்கத்தக்க எண்கள் பல வகுக்கப்பட்டிருந்தன. 2017-ஆம் ஆண்டில் அவை நான்காகக் குறைந்தன: ஞானஸ்நானம் பெற்றோர், அதற்கு நாள் குறித்தோர், ஞாயிறு ஆராதனைக்கு வந்தோர், புதிதாய்ப் பாடங்கேட்கத் தொடங்கினோர். 2023-ஆம் ஆண்டில் திருத்திய பதிப்பிலும் எண்ணல் ஒழிந்திலது. முன்பு தாளில் எழுதினர். இப்பொழுது கைப்பேசியில் பதிவர். எண்கள் மேலே செல்லும், மேலுள்ளவர் ஒப்பிடுவர். இலக்கு வைத்தலும், இலக்கு எய்தாதார் நாணுதலும் உடன் பிறப்பன.

எண்ணினால் என்ன குற்றம், வணிகரும் உழவரும் எண்ணுகின்றிலரோ எனின், நெல்லை எண்ணலாம், நெஞ்சை எண்ணலாகாது. இஃது அணிக்காகச் சொன்னதன்று, இங்கிலாந்தே சான்று. 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் அந்நாட்டில் ஊழியஞ் செய்த அமெரிக்க இளைஞர், மேலிடத்து எண்ணிக்கை வேட்கை தம்மை நெருக்க, ஒரு வழி கண்டனர். சிறுவர்களைக் கூட்டி அமெரிக்கப் பந்தாட்டமாகிய பேஸ்பால் கற்பித்தனர். ஆட்டக் குழுவிற் சேர வேண்டுமாயின் ஞானஸ்நானம் பெறுதல் வேண்டும் என்றனர். சிறுவர் பலர் தாம் ஒரு சபையில் உறுப்பினராயினோம் என்பதே அறியாமல் நீரில் முழுகி எழுந்து ஆடச் சென்றனர். பேஸ்பால் ஞானஸ்நானம் என்று அச்சபையாரே பிற்காலத்தில் நாணத்தோடு சுட்டும் பெயர் அது. பின்வந்தோர் அப்பெயர்களைத் தேடித் தேடிப் பேரேட்டினின்றும் நீக்க நேர்ந்தது. அவ்விளைஞர் பொல்லாதவர் அல்லர். எண் கேட்டனர், எண் கொடுத்தார். கிம்பல் நின்ற ஆற்றங்கரைக்கும் அவ்விளையாட்டுத் திடலுக்கும் இடையே கழிந்தது நூற்றிருபது ஆண்டளவே.

அந்த நிலை திருந்திற்று, இன்று எவரும் அங்ஙனம் செய்யார் என்பர். செய்யார் என்றே கொள்க. எண் மட்டும் சொல்லுவது யாதென்று பார்ப்போர்க்கு வேறொன்று புலப்படும். 2012-ஆம் ஆண்டு முடிவில் அச்சபையின் முழுநேர ஊழியர் ஏறக்குறைய 59,000 பேர்; அவ்வாண்டு புதிதாய்ச் சேர்ந்தோர் ஏறக்குறைய 2,72,000. வயது குறைக்கப்பட்டபின், 2013-ஆம் ஆண்டு முடிவில் ஊழியர் தொகை 83,000 ஆயிற்று. சேர்ந்தோரோ 2,83,000 அளவினரே. ஊழியர் ஐந்தில் இரண்டு பங்கு பெருகச் சேர்ந்தோர் நூற்றுக்கு நான்கு என்னும் அளவிலேயே பெருகினர். புதியோர் பழகக் காலம் வேண்டாவோ எனின், 2014-ஆம் ஆண்டைப் பார்க்க: ஊழியர் 85,000, சேர்ந்தோர் 2,97,000க்கு உள்ளடங்குவர். ஓர் ஊழியர்க்கு இத்தனை பேர் என்று வகுத்தால் 2012-இல் நாலரைக்கு மேலாயிருந்தது 2014-இல் மூன்றரை ஆயிற்று. 2024-ஆம் ஆண்டில் ஊழியர் 74,000, சேர்ந்தோர் 3,08,000 என நால்வர்க்குச் சிறிது மேல் ஏறியதையும் மறைத்தல் முறையன்று. உலகு முழுவதும் கூட்டி வகுத்த எண் இது. விளைவு மிகுந்த நாடுகள் வேறு உள. இங்கிலாந்தின் மழைவீதியில் ஆண்டு முழுதும் நடந்தும் ஒருவரையும் காணாது மீள்வோர்க்கு இவ்வெண் யாது ஆறுதல் தரும்? அவர் தம்மையே நோவர். என் விசுவாசம் குறைந்ததோ, விதி ஒன்றை மீறினேனோ, காலையில் பத்து நிமிடம் பிந்தி எழுந்தேனோ என்று தேடுவர். ஊரார் விரும்பாமை ஊராரைப் பற்றியது என்று அவர்க்குச் சொல்வார் இல்லை.

இங்கே அச்சபையார் தம்முள் வழங்கும் விடையொன்றுண்டு: ஊழியத்தால் முதலாவது மாறுபவர் அவ்வூழியரே, அம்மாற்றமே பெரும்பேறு என்பது. இவ்விடை உண்மையென்றே தோன்றுகின்றது. உண்மையாதலினாலேயே அது குற்றத்தை ஒப்புக்கொள்ளுதலாகவும் முடிகின்றது. கதவைத் திறந்த கிழவியும், நாற்காலியிட்ட அறிஞரும், பந்தாடிய சிறுவரும் ஓர் இளைஞரை அவர் சபையில் நிலைநிறுத்துதற்குக் கருவியாயினர் என்றன்றோ அதற்குப் பொருள்? அங்ஙனமாயின் அவர் கதவை ஏன் தட்டினீர்? உங்கள் பிள்ளையை உங்கள் வீட்டிலேயே, உண்மையைச் சொல்லி, வினவ விட்டு, நிலைநிறுத்தலாமே.

பதினைந்து வயதிற் சென்றவரும் எம்முள் உளர் என்று ஜோசப் எஃப். ஸ்மித்தைக் காட்டுவர். அவர் ஹைரம் ஸ்மித்தின் மைந்தர். ஐந்து வயதில் தந்தை கார்த்தேஜ் சிறையில் 1844-ஆம் ஆண்டு கொல்லப்பட, பதின்மூன்றில் தாயையும் இழந்து, 1854-ஆம் ஆண்டில் பதினைந்து வயதினராய் ஹவாய்த் தீவுகட்கு அனுப்பப்பட்டார். பின்னர் 1901-இல் சபைத் தலைவரும் ஆனார். மெய்யே. ஆயின் அவர் வரலாற்றை முழுதும் நோக்குக. அங்கே அவர் காய்ச்சலில் வீழ்ந்து நெடுநாட் கிடந்தார். அத்தீவுப் பெண் ஒருத்தி தன் மகனைப் போல் அவரைப் பேணி உயிர் பிழைப்பித்தாள். அவர் அம்மக்கள் மொழியைக் கற்று, அவர் குடிசையில் உறங்கி, அவர் உண்டதை உண்டார். தலைவரானபின் ஒருகால் ஹானலூலூத் துறையில் வந்திறங்கியபொழுது, கண்ணிழந்த கிழவியாய்க் கையில் சில வாழைப்பழம் ஏந்தி அவர் பெயரைக் கூவி நின்ற அவளைக் கண்டு, சூழ இருந்தாரையும் நோக்காது ஓடித் தழுவி அம்மா என்று அழுதார் என்று உடன் சென்றோர் எழுதி வைத்தனர். அவர் எத்தனை பேரை நீரில் முழுக்கினார் என்பதை அத்துறையில் நினைந்தார் யாவர்? போதிக்கச் சென்ற சிறுவன் பெறக் கற்றான். அதனால் அவன் வளர்ந்தான். இன்றைய பிள்ளைக்கு லங்காஷயர்க் கிழவியிடம் அவ்வாறு பெறுதற்கு எந்த அட்டவணையில் இடம் வைத்தீர்?

காலம் முடியுமுன் வீடு திரும்புவோர் நிலையையும் எண்ணுதல் வேண்டும். உடல்நோயாலும் மனநோயாலும் ஐயத்தாலும் திரும்புவோர் உளர். யூட்டாவில் ஓரிளைஞரைப் புதிதாய்க் காண்பார் எங்கே ஊழியஞ் செய்தாய் என்று கேட்டல் வழக்கம். முடித்து மீண்டோர்க்கு வரவேற்பும், ஆராதனையில் எழுந்து பேசும் சிறப்பும் உண்டு. இடையில் மீண்டவர்க்கு அவ்வினா வாழ்நாளெல்லாம் முள்ளாகும். வீட்டிலிருந்தவாறே பிறர்க்கு உதவி புரியும் தொண்டு ஊழியம் என ஒன்றை அண்மைக் காலத்தில் விரிவுபடுத்தியுள்ளனர். பசித்தார்க்கு உணவு பகுக்கும் இடத்திலும் அதுபோல்வனவற்றிலும் அவர் பணி செய்யலாம். அது தக்கது. தக்கதாயின் அதனைத் தளர்ந்தார்க்குரிய இரண்டாம் வாயிலாக வைப்பது ஏன்? அதனையே தலைவாயிலாக வைத்து, போதித்தலை முதிர்ந்தார்க்கு விடுதலில் என்ன இழுக்கு?

ஞாயிற்றுக்கிழமை அப்பமும் தண்ணீரும் பகிரும் ஆராதனை நடைபெறும். வருவதாகச் சொன்ன கிழவி வருவாளோ என்று அவ்விளைஞர் வாயிலில் நின்று பார்ப்பார். அவள் வாராள், முழங்கால் வலி, அல்லது மழை. பிற்பகல் அவள் வீட்டிற்குச் சென்று பார்க்கலாம். அடுப்பெரிக்கலாம், கடைக்குச் சென்று ரொட்டி வாங்கிக் கொடுக்கலாம். நல்லுள்ளம் உடையராதலின் அவர் செய்யவும் செய்வார். மாலையில் கைப்பேசியைத் திறந்து ஆராதனைக்கு வந்தோர் என்னும் இடத்தில் அவர் இடும் எண் சுழியே. அச்சுழியைக் கேட்கும் விதியை நீக்குதற்கு வெளிப்பாடு ஒன்றும் வேண்டுவதில்லை. 2017-இல் பலவற்றை நான்காகக் குறைத்த அதே கை அந்நான்கினையும் அடித்துவிடல் கூடும். 2012-இல் வயதைக் குறைத்த ஆணையையும் அவ்வாறே மீட்டல் கூடும். இரண்டையும் செய்யும் வரையில் அப்பிள்ளையின் மார்பிலுள்ள பட்டையில் மூப்பர் என்னும் சொல்லை எழுதாதொழிக.